வினாவை அடக்குவதா கல்வி?

2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தனர். வெள்ளம் வடிந்து பள்ளி திறந்தபின் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, ஒவ்வொரு வெள்ளத்திலும் எங்கள் வரிசை வீடுகளே ஏன் மூழ்குகின்றன?" என்று கேட்டான். "இது சோதனையில் வராது, உட்கார்" என்றேன். முப்பதாண்டு ஆசிரியப் பணியில் நான் செய்த பெரும்பிழை அது.

"மாணாக்கன் கடமை படிப்பது, உலகைத் திருத்துவது பெரியோர் வேலை" என்பார் நம்மிடையே இன்றும் பலர் உளர். அவர்கள் பசிபிக் பெருங்கடலின் வனுவாத்துத் தீவுநாட்டைச் சற்றே நோக்குவார்களாக. 2015இல் 'பாம்' என்னும் புயல் சூறையாடிய நாடு அது. அங்கே தென்பசிபிக் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற 27 மாணவர்கள், 2019இல் தம் வகுப்பறையில் ஒரு வினாவை எழுப்பினர். புவியை வெப்பமாக்கும் புகையை மிகுதியாகக் கக்கியவை பெருந்தொழில் நாடுகள். புயலுக்கும் கடலேற்றத்திற்கும் முதல் இரையாவனவோ, அப்புகையில் மிகச் சிறு பங்கே உடைய தீவுகள். இவ்வநீதிக்கு அனைத்துலகச் சட்டத்தில் விடையுண்டா?

வினாவோடு அவர்கள் நின்றாரல்லர். சட்டநூல்களைத் துருவினர், தீவுநாட்டுத் தலைவர்களுக்கு மடல் விடுத்தனர். 2021இல் வனுவாத்து அரசு அம்முயற்சியைத் தனதாக ஏற்றது. 2023 மார்ச் 29ஆம் நாள், அவ்வினாவை அனைத்துலக நீதிமன்றத்தின்முன் வைக்க ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை ஒருமனதாகத் தீர்மானித்தது. 2025 ஜூலை 23ஆம் நாள், தி ஹேக் நகரில் நீதிபதிகள் ஒருமித்து விடை பகர்ந்தனர்: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, அதில் தவறும் நாடு இழப்பீடு வழங்கவும் நேரலாம்.

"அது கருத்துரையேயன்றிக் கட்டளையன்று" எனச் சிலர் குறை கூறலாம். உண்மையே. ஆயினும், அதுவரை இரக்கம் வேண்டி நின்ற தீவுகள், அன்று முதல் உரிமை கேட்டு நிற்கின்றன. இம்மாற்றத்தைத் தொடங்கிவைத்தவர்கள் கல்லூரி மாணவர்கள் அன்றோ?

நாமோ 'வெள்ளத்தின் விளைவுகள்' என்று முன்னுரை முதல் முடிவுரை வரை மனனம் செய்விக்கிறோம். மழையளவைக் குறிக்கவும், அடைபட்ட வடிகாலைக் கண்டறியவும், கண்டதை நகராண்மைக் கழகத்திற்கு எழுதவும் கற்பித்தோமா? "அது அரசியல்" என்று அஞ்சுவோரே, நீரின் உயரத்தை அளப்பது அரசியலா? அளப்பது ஆராய்ச்சி, அந்நீர் எவர் வீட்டில் ஏறுகிறது என்று கேட்பது அறம். இவ்விரண்டும் கூடிய இடத்திலேதான் தலைமை பிறக்கிறது.

ஆசிரியத் தோழர்களே! என் மாணவன் கேட்டதும் வனுவாத்து மாணவர்கள் கேட்டதும் அடிப்படையில் ஒரே வினாதான். அங்கே அது உலக மன்றம் ஏறியது. இங்கே நான் அதனை உட்கார வைத்தேன். நாளை உம் வகுப்பில் ஒரு கை உயருமாயின், என் பிழையை நீவிர் செய்யாதீர்.