கழுத்துக் கட்டி... 'வெறும் தண்ணிதான்' என்றாலும் ஸ்கேன் வேண்டுமா?

என் பெரியப்பாவுக்கு 56 வயது. ஷேவ் செய்யும்போது கழுத்தின் இடப்பக்கம் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் தட்டுப்பட்டது. வலி இல்லை. தெருமுனை கிளினிக்கில் ஊசி குத்தி உறிஞ்சினார்கள். பழுப்பு நிறத்தில் நீர் வந்தது, வீக்கமும் வற்றியது. 'வெறும் தண்ணிதான்' என்று வீடே நிம்மதியானது. ஒரே மாதத்தில் கட்டி திரும்பவும் வந்துவிட்டது. அப்புறம்தான் ஸ்கேன் ஞாபகமே எங்களுக்கு வந்தது.

கழுத்தில் நீர்க்கட்டி என்றால், அது என்னவாக இருக்கும் என்பதை வயதும் இடமுமே பாதி சொல்லிவிடும். குழந்தைக்குக் கழுத்தின் நடுவில் வந்து, நாக்கை நீட்டும்போது மேலே ஏறினால், அது பெரும்பாலும் தைரோகுளோசல் கட்டி. கருவில் தைராய்டு சுரப்பி நாக்கின் அடியிலிருந்து கழுத்துக்கு இறங்கிய பாதை மூடாமல் போவதால் வருவது. இதற்கு முதலில் அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். கதிர்வீச்சு பயம் கிடையாது. அதில் கட்டியோடு சேர்த்து, தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஏனென்றால் அரிதாகச் சில பிள்ளைகளுக்கு அந்த வீக்கத்தில் இருப்பதுதான் உடம்பிலுள்ள ஒரே தைராய்டு! தெரியாமல் எடுத்துவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரைதான்.

இளவயதுக்காரர்களுக்குச் சளி பிடித்த கையோடு தாடைக்குக் கீழே பக்கவாட்டில் வீங்கினால், அது பிறவியிலேயே இருந்த பிராங்கியல் கட்டியாக இருக்கலாம்.

40 வயதைத் தாண்டியவருக்கு அதே இடத்தில் வந்தால் கதையே வேறு. தைராய்டு, டான்சில், நாக்கின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய் கழுத்து நெறிகளுக்குப் பரவும்போது, நெறியின் உட்பகுதி கரைந்து நீர்க்கட்டி மாதிரியே தெரியும். காசநோய் நெறியும் இப்படி ஏமாற்றும். உறிஞ்சிய நீரில் போதிய செல்கள் இல்லாவிட்டால் ரிப்போர்ட்டில் எதுவும் பிடிபடாது. அதனால்தான் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, கட்டியின் சுவர் தடித்திருக்கும் இடமாகத் தேடி ஊசியைச் செலுத்துகிறார்கள். கட்டி எதுவரை பரவியிருக்கிறது, டான்சில் பக்கம் எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க, மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் கைகொடுக்கும்.

பெரியப்பாவின் ஸ்கேனில் கட்டியின் சுவரோரம் சுண்ணாம்புத் துகள் போலப் புள்ளிகள். தைராய்டில் 1 செ.மீ.கூட இல்லாத ஒரு முடிச்சு. அதுதான் மூலம். ஆபரேஷன் முடிந்து, இப்போது காலையில் தைராய்டு மாத்திரை போட்ட பிறகு காபிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று பெரியம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

கழுத்து வீக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் வற்றாமல் இருந்தாலோ, வற்றித் திரும்ப வந்தாலோ, காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். ஏற்கெனவே நீர் எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.