சேதுக்கரையில் காலைச் சிற்றுண்டி

இராமேசுவரத்தில் வீட்டின் மாடியில் இரண்டு மூன்று அறைகளை ஒழுங்கு செய்து யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு விடும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. ஓய்வூதியத்துடன் சிறு வருவாய் சேரட்டும் என்று தொடங்குவோர் உண்டு; பிள்ளைகள் வெளியூர் சென்றபின் வெறுமையாகக் கிடக்கும் அறைகளில் மனித நடமாட்டம் இருக்கட்டும் என்று தொடங்குவோரும் உண்டு. கட்டில், மெத்தை, வெந்நீர்ச் சாதனம் ஆகியவற்றை முடிவு செய்வதில் இவர்களுக்குத் தடுமாற்றம் இருப்பதில்லை. தங்க வந்தவருக்குக் காலையில் என்ன கொடுப்பது என்ற கேள்வியில்தான் வீட்டில் கருத்து வேற்றுமை தோன்றுகிறது. இட்லி போதும் என்பார் ஒருவர். வடநாட்டார் வந்தால் பூரி வேண்டாமா என்பார் மற்றொருவர். ரொட்டியும் ஜாமும் வைத்துவிட்டால் வேலை மிச்சம் என்பது இளைய தலைமுறையின் யோசனை.

மத்திய சுற்றுலா அமைச்சகம் இத்தகைய வீடுகளுக்கென வகுத்த திட்டத்தின் பெயரிலேயே 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' என்று படுக்கையோடு சிற்றுண்டியும் சேர்ந்திருக்கிறது. வீட்டுக்காரர் குடும்பத்துடன் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், வாடகை அறைகள் ஆறுக்கு மேற்படக் கூடாது என்பன அதன் நிபந்தனைகள். இதன் உட்பொருளைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். விருந்தினர் எதிர்பார்ப்பது ஓட்டல் உணவை அன்று. அந்த வீட்டார் தாம் உண்பதையே தமக்கும் பகிர்ந்து அளிப்பார்கள் என்ற எண்ணத்துடன்தான் அவர் வருகிறார்.

ஆனால் உதகையிலும் கொடைக்கானலிலும் உள்ள வீடுகளுக்கு வகுத்த வழக்கம் சேதுக்கரைக்குப் பொருந்தாது. அங்கே விருந்தினர் எட்டு மணிக்கு எழுந்து, ஒன்பது மணிக்கு மேசைக்கு வருவார். இங்கே வருபவர் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்துவிடுகிறார். ஐந்து மணி அளவில் ஸ்படிக லிங்க தரிசனம். அதன்பின் அக்னி தீர்த்தக் கடலில் நீராடல். பிறகு கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் நீர் வார்த்துக்கொண்டு, ஈரத்துணியுடன் நெடுந்தொலைவு நடை. உடை மாற்றிக்கொண்டு இராமநாதரையும் பர்வதவர்த்தினி அம்மனையும் தரிசித்து வெளியே வரும்போது மணி ஒன்பதோ பத்தோ ஆகிவிடும். 'சிற்றுண்டி 7.30 முதல் 9.30 வரை' என்று சுவரில் அட்டை எழுதித் தொங்கவிட்ட வீட்டில், யாத்திரிகர் வந்து சேரும் வேளையில் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருக்கும். ஆகவே என்ன கொடுப்பது என்பதற்கு முன்னால் எப்போது கொடுப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். தாமதமாக வருபவரை முகம் சுளித்து நோக்குவது இவ்வூருக்குச் சிறிதும் பொருந்தாத செயல். கயிலையிலிருந்து லிங்கம் கொண்டுவரச் சென்ற அனுமன் காலந்தாழ்த்தே வந்தார். எனினும் அவர் கொணர்ந்த விசுவலிங்கத்துக்கே முதல் பூசை என்று இராமபிரான் விதித்தார் என்பது இத்தலத்தின் புராணம். அவ்வழக்கம் இன்றும் தவறாமல் நடைபெறுகிறது.

அடுத்தது, யார் உண்பார், யார் உண்ணமாட்டார் என்னும் செய்தி. முன்னோர்க்குத் தர்ப்பணமோ பிண்டதானமோ செய்ய வந்தவர் அது முடியும்வரை எதுவும் உட்கொள்ளார். பலர் துணைவியாரும் அவ்வாறே இருப்பார். அன்பின் மிகுதியால் ஆறு மணிக்குக் கதவைத் தட்டி ஆவி பறக்கும் காப்பியை நீட்டினால், வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் அவர் தவிப்பார். பல நூறு மைல் கடந்து, ஒருவேளை வாழ்நாளில் ஒரே முறை, தந்தைக்குச் செய்ய வந்த கடமை அது. நினைவின்றி ஒரு மிடறு பருகிவிட்டால் அந்தக் குறை அவர் மனத்தில் ஊர் திரும்பியும் நீங்காது. முதல்நாள் மாலையில் அறைச் சாவியைக் கொடுக்கும்போதே, "நாளை காலையில் காரியம் ஏதும் உண்டா? எத்தனை மணிக்கு உண்பீர்கள்? விலக்கு ஏதும் உண்டா?" என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுவது இதற்கு எளிய பரிகாரம். கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. யாத்திரிகர் இதைக் கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார்.

இவ்வழியில் விருந்தோம்பியவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் 1801ஆம் ஆண்டில் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்துள்ளது. தஞ்சையிலிருந்து இராமேசுவரம் செல்லும் பாதையில் தம் முன்னோர் நிறுவிய சத்திரங்கள் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை அதில் அவர் விவரிக்கிறார். சாதி வேறுபாடின்றி, யோகியர், ஜங்கமர், பைராகியர் உள்ளிட்ட எல்லா யாத்திரிகர்க்கும் சோறு அளிக்கப்பட்டது. சமைத்த சோற்றை உண்ண விரும்பாதவர்க்கு அரிசியும் மசாலைப் பொருள்களும் சமைக்காமலே அளந்து கொடுக்கப்பட்டன. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வந்து உண்ணலாம் என்று அறிவித்த பின்னரே அன்றைய அன்னம் முடிவுற்றது. நோயுற்றவர்க்கு மருந்தும், குழந்தைகளுக்குப் பாலும், கருவுற்ற பெண்களுக்குத் தக்க கவனிப்பும் தனித்தனியே இருந்தன. ஓர் அரசர் நிருவாகச் செய்தியாக எழுதிய கடிதம்தான் இது. ஆயினும் விருந்தோம்பலின் இலக்கணம் அதில் அடங்கியிருக்கிறது.

அதில் மிகவும் கருதத்தக்கது சமைக்காத அரிசியைக் கொடுத்த வழக்கமே. பிறர் சமைத்ததை உண்ணாத ஆசாரமுடையவரிடம் "எங்கள் வீட்டில் இட்லிதான்" என்று கூறி அனுப்பிவிடாமல், அவருக்கு வேண்டியதை அவரே ஆக்கிக்கொள்ள இடமளித்திருக்கிறார்கள். இன்றும் அத்தகைய யாத்திரிகர்கள் வரத்தான் செய்கிறார்கள். மாடியில் ஒற்றை அடுப்பும், மாமிசம் படாத இரண்டு எவர்சில்வர் பாத்திரங்களும், ஒரு டப்பாவில் அரிசியும் பயத்தம்பருப்பும் வைத்துவிட்டால், பெரிய ஓட்டல்கள் செய்ய முடியாத உபசாரத்தை இரண்டு அறை வீடு செய்துவிடும். தீவில் மீன் சமைக்கும் வீடுகள் பல. கடலை நம்பி வாழும் ஊரில் அது இயல்பே. அத்தகைய வீட்டார் அறையை ஒப்புக்கொள்ளும்போதே அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

இனிப் பண்டங்களைப் பார்ப்போம். தமிழகத்தாருக்கும் ஆந்திர, கன்னட நாட்டாருக்கும் இட்லியை மிஞ்சிய காலை உணவு இல்லை. வடநாட்டாரும் இப்போது இட்லியை விரும்பியே உண்கிறார்கள். தென்னாட்டுக்கு வந்து இட்லி உண்ணாமல் திரும்புவதை அவர்களே குறையாகக் கருதுகிறார்கள். பூரிக்காக வீட்டுப் பெண்மணி விடியலில் எண்ணெய்ச் சட்டியின் முன் நின்று வேக வேண்டியதில்லை. காரத்துக்கு அஞ்சும் முதியவர்க்கும் குழந்தைக்கும் அவல் உப்புமா ஒன்று போதும். மராட்டியர்க்கும் குஜராத்தியர்க்கும் அது 'போஹா' என்னும் சொந்த ஊர்ப் பண்டமே. வெங்காயமும் பூண்டும் சேராமல் செய்துவிட்டால் பெரும்பாலான விலக்குகள் அதிலேயே அடங்கிவிடும். வெண்பொங்கலைப் பற்றி ஒரு சொல்: நெய் வழியும் பொங்கலை உண்டபின் தனுஷ்கோடிக்குப் புறப்பட வேண்டியவர் அறைக்குத் திரும்பி உறங்கிவிடுவது கண்கூடு. தவிர, தீவின் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. அந்நீரில் பருப்பு எளிதில் வேகாது. குடிநீரை விலைக்கு வாங்கும் வீடுகள் சமையலுக்கும் அதையே பயன்படுத்த வேண்டியிருப்பதால், அச்செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாவு விஷயத்தில் கடற்கரை வெப்பத்தை மறந்துவிடலாகாது. மாலை ஐந்து மணிக்கு அரைத்த மாவு கோடையில் நள்ளிரவுக்குள் பொங்கி வழிந்து, விடியலில் புளித்திருக்கும். இரவு ஒன்பது மணிக்குமேல் அரைப்பதே முறை. தை மாதக் குளிரில் மட்டும் சற்று முன்னதாக அரைக்கலாம். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து சேர்த்தால் ஏறத்தாழ ஐம்பது இட்லி கிடைக்கும். இரண்டு அறைகளில் ஆறு பேர் தங்கினால் ஆளுக்கு நான்காக இருபத்து நான்கு. அரைக் கிலோ அரிசி போதும். மீந்த மாவை மறுநாள் விருந்தினர்க்கு வார்க்காமல் வீட்டாரே பணியாரமாக ஊற்றிக்கொள்வது மரியாதை.

ஏகாதசியன்று இக்கணக்கு முழுவதும் மாறிவிடும். அரிசி இருசாராருக்கும் விலக்கு. தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் அன்று கோதுமை ரவை உப்புமா பலகாரமாகக் கருதப்படும். வடநாட்டு விரதக்காரர்க்கோ கோதுமையும் ஆகாது, சாதாரண உப்பும் ஆகாது. ஜவ்வரிசியை ஊறவைத்து, வறுத்த வேர்க்கடலைப் பொடியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் இந்துப்பும் சேர்த்துக் கிளறிக் கொடுத்தால் அவர் கண்களில் தோன்றும் நன்றியை வேறு எந்த உபசாரத்தாலும் பெற இயலாது. பஞ்சாங்கம் தொங்கும் வீட்டில் இதற்குத் தனி ஏற்பாடு தேவையில்லை; ஒரு பொட்டலம் இந்துப்பு இருந்தால் போதும்.

இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நனைந்து வந்த உடலுக்கு முதலில் வேண்டுவது சூடான பானம். இராமநாதபுரச் சீமை பனை மரங்களுக்குப் பேர்போனது. சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் கருப்பட்டி சேர்த்துக் கொதிக்கவைத்த நீர், பொடிக் காப்பியைவிட இவ்வேளைக்குப் பொருத்தம். தையிலும் மாசியிலும் பனங்கிழங்கை வேகவைத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தால், வெளி மாநிலத்தார் இது என்னவென்று கேட்டு வியப்பர். கருப்பட்டி நீரிழிவுக்குத் தீங்கு செய்யாது என்று சிலர் சொல்லிக் கொடுப்பதுண்டு, அது தவறு. கருப்பட்டியும் சர்க்கரையே.

நீரிழிவு உடையவர் விஷயத்தில் வீட்டார் மிகவும் விழிப்புடன் இருக்க வேண்டும். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, தீர்த்தமாடி முடியும்வரை உண்பதில்லை என்ற உறுதியுடன் முதியவர் ஒருவர் புறப்பட்டால், ஐந்தாவது ஆறாவது கிணற்றருகே அவருக்கு வியர்வையும் நடுக்கமும் தோன்றி மயக்கம் வரலாம். ஈரக் கல்தரையில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். உண்ணுமாறு அவரை வற்புறுத்துவது வீட்டாரின் பணியன்று. காலை மருந்தை என்ன செய்வது என்று இரவிலேயே தொலைபேசியில் அவருடைய மருத்துவரைக் கேட்டுவிடச் சொல்லலாம். உடன் செல்லும் மகனிடமோ மருமகளிடமோ நான்கு வாழைப்பழங்களும் ஈரம் புகாத உறையில் சிறிது சர்க்கரையும் கொடுத்தனுப்பலாம். மயக்கக் குறி தோன்றிய வேளையில் விரதம் பெரிதா, உயிர் பெரிதா என்ற வாதத்துக்கு இடமில்லை. உடல்நலம் குன்றியவர்க்கு விரத விதிகளில் விலக்கு உண்டு என்பது பெரியோர் அனைவரும் ஒப்பியதே.

சிற்றுண்டிக்கு விலை வைப்பதா, வாடகையில் சேர்ப்பதா? 'இலவசம்' என்று விளம்பரம் செய்துவிட்டு அறைக் கட்டணத்தில் ஏற்றிவைப்பதைவிட, வாடகை இவ்வளவு, சிற்றுண்டிக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டுவதே நேர்மை. தர்ப்பணத்துக்காகப் பட்டினி இருந்தவரிடம் உண்ணாத சிற்றுண்டிக்குப் பணம் வாங்குவதைப் போன்ற அசிங்கம் வேறில்லை. அவருக்குப் பகலுணவுக்கு முன் சிறிது பால், பழம் கொடுக்கலாம். அல்லது அத்தொகையைக் கழித்துவிடலாம்.

பரமக்குடியை அடுத்த இளையான்குடி, முன்னாளில் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இப்போது சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. அவ்வூர் மாறநாயனார், மழை பெய்யும் நள்ளிரவில் வந்த சிவனடியாருக்காகப் பகலில் விதைத்த முளைநெல்லை வயலிலிருந்து வாரி வந்தார். விறகுக்குக் கூரைக் கொம்புகளை அறுத்துக் கொடுத்தார். மனைவியார் முற்றாத கீரையைக் கறியாக்கினார். அங்கே உணவுப் பட்டியல் ஏதும் இல்லை. இருந்தது இதுதான், அதுவும் வேளையில் கிடைத்தது. இன்று வாடகை வாங்கும் வீட்டாரிடம் அவ்வளவு தியாகத்தை எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பன்னிரண்டு பண்டங்களை எழுதிவைத்து ஒன்றையும் சரியாகச் செய்யாமல் தவிப்பதைவிட, சூடான இரண்டு பண்டங்களை மனமுவந்து தருவது மேல். சமைப்பவர் பெரும்பாலும் அறுபதைக் கடந்த ஓர் அம்மாள் என்பதையும் வீட்டிலுள்ள ஆண்கள் நினைவில் வைக்க வேண்டும். தேங்காய் துருவவும், இலை நறுக்கவும், எச்சில் இலை எடுக்கவும் அவர்களுக்கும் கைகள் உண்டு.

இறுதியாக, விடியற்காலை வண்டிக்கோ பேருந்துக்கோ புறப்படுபவரின் பொட்டலம். தேங்காய்ச் சட்னி மதுரை சேரும்முன் கெட்டுவிடும். அதைத் தவிர்க்க வேண்டும். ஆறவைத்த இட்லியில் நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் இருபுறமும் தடவி வாழையிலையில் மடித்தால் நண்பகல்வரை தாங்கும். பொடிக்கு இராமநாதபுரம் குண்டு மிளகாயே சிறந்தது. 'முண்டு மிளகாய்' என்ற பெயரில் 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது அதுவே. நெடுந்தொலைவு செல்பவர்க்குப் புளியோதரை நலம். காசியாத்திரையின் தொடர்ச்சியாகச் சேது மணலை எடுத்துக்கொண்டு பிரயாகைக்குத் திரும்புபவர் என்றால், இரண்டாம் நாளுக்கும் தாங்கும்படி வறுத்த அவலும் கருப்பட்டித் துண்டுகளும் தனியே ஒரு பையில் போட்டுக் கொடுக்கலாம். குடிநீர்ப் புட்டியை நிரப்பித் தருவதற்கு மட்டும் விலை வேண்டாம்.