தொண்டென்னும் சொல்லும் அங்கன்வாடிப் பணியாளரின் சோர்வும்

உழைப்பைத் தொண்டெனப் பெயரிடும்போது உழைப்பவரின் சோர்வு சொல்லப்படாமலே போகிறது. அங்கன்வாடிப் பணியாளரின் நிலை இதற்குத் தக்க சான்றாகும்.

1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் ஆறு வகைப் பணிகளைக் கொண்டது. முன்பருவக் கல்வி அவற்றுள் ஒன்று மட்டுமே. பாட்டும் கதையும் சொல்லித்தரும் அதே பணியாளரே குழந்தைகளின் எடை பார்க்கிறார், இணையுணவு வழங்குகிறார், வீடுதோறும் செல்கிறார், பதிவேடுகளையும் கைபேசிச் செயலியையும் நிரப்புகிறார். இத்துணைக்கும் நடுவணரசு வழங்குவது ஊதியமன்று, ‘மதிப்பூதியம்’. தமிழ்நாட்டில் இவர்க்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு; எனினும் தொண்டென்னும் பார்வை மாறவில்லை. இவர்கள் பணிக்கொடைக்கு உரியவர் என உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தமை, அப்பார்வை மறைத்த உழைப்பைச் சட்டம் கண்டுகொண்டதைக் காட்டும்.

உலக நலவாழ்வு நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் திருத்தத்தில் பணிச்சோர்வை நோயெனக் கொள்ளவில்லை. பணிசார் நிலையெனவே வரையறுத்தது. ஆற்றல் வற்றுதல், பணியினின்று மனம் விலகுதல், செயல்திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். எனவே சோர்வின் காரணத்தைப் பணியாளரின் பொறுமைக் குறைவில் தேடுதல் பொருந்தாது; பணியமைப்பிலேயே தேடுதல் வேண்டும். ‘தாயுள்ளம்’ என்னும் புகழுரை மதிப்பளிப்பதே எனலாம். ஆயின் தாய் சோர்வடையலாகாது என்னும் எதிர்பார்ப்பும் அதனுள் அடங்கியுள்ளது. சோர்ந்தவர் அதனைக் குற்றமெனக் கருதி வாய்மூடுகிறார்.

தாலாட்டையும் குழந்தைப் பாடலையும் தொகுத்தாய்ந்த தமிழ்த்துறைகள், அவற்றை நாள்தோறும் பாடுவோர் தம் சோர்வை எச்சொற்களால் உரைக்கின்றனர் என்பதையும் தொகுத்தல் வேண்டும். பெயர் பெறாத துன்பத்திற்குத் தீர்வு கோருதல் அரிது.