காரீயத்தின் அண்டை வீட்டான்

காஸ் அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரை நம் வீட்டுப் பெண்மணிகள் தினந்தோறும் பல தடவை அழுத்துகிறார்கள். 'டக்'கென்று ஒரு சத்தம், ஒரு பொறி, அடுப்பு எரிகிறது. பெரும்பாலான லைட்டர்களில் பாட்டரியும் கிடையாது, சக்கிமுக்கிக் கல்லும் கிடையாது. உள்ளே இருப்பது சிறியதொரு பீங்கான் துண்டுதான். அதன் தலையில் ஒரு குட்டிச் சுத்தி வந்து விழுகிறது. உடனே அது பல ஆயிரம் வோல்ட் மின்சாரத்தைக் கக்குகிறது. அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் இந்த விசித்திர குணத்தைச் சில படிகங்களில் க்யூரி சகோதரர்கள் பாரிஸில் 1880-ல் கண்டார்கள். ஆஸ்பத்திரியில் கர்ப்பத்திலிருக்கும் சிசுவைத் திரையில் காட்டும் ஸ்கான் யந்திரத்துக்கும் இதுவே உயிர்நாடி.

இந்தப் பீங்கானில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. அதன் எடையில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் காரீயம். (ரசத்துக்கு மணமூட்டும் ஈயச் சொம்பை நினைத்து யாரும் கலங்க வேண்டாம், அது வெள்ளீயம், வேறு உலோகம்.) லைட்டர் முழுதாக இருக்கும் வரை அதனால் கெடுதல் இல்லை. ஆனால் பீங்கானைச் செய்யும் தொழிலாளியின் சுவாசத்திலும், உடைந்த சாமான்கள் போய்ச் சேரும் குப்பைமேட்டு மண்ணிலும் காரீயம் கலக்கிறது. சிறு குழந்தைகளின் மூளையை மந்தமாக்குவதில் அதற்கு இணை சொல்வது கடினம். ஐரோப்பிய யூனியன் 2003-ல் ஒரு சட்டம் செய்து, 2006 ஜூலை முதல் மின்சாரச் சாமான்களில் காரீயத்தைத் தடுத்தது. ஆனால் இந்தப் பீங்கானுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க நேர்ந்தது. காரணம், அதற்கு ஈடான வேறொன்று கைவசம் இல்லை.

ஈடு தேடிய விஞ்ஞானிகளின் கண் அண்டை வீட்டின் மீது விழுந்ததில் ஆச்சரியமில்லை. மூலகங்களின் அட்டவணையில் காரீயத்தின் எண் 82. அடுத்த வீடான 83-ல் குடியிருப்பது பிஸ்மத். அதுவும் கனமான உலோகம்; 271 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும்; தண்ணீரைப்போல உறையும்போது விரியும். அணுவின் புறத்தே உள்ள எலெக்ட்ரான்களின் அமைப்பில் இரண்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. குணத்திலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காரீயம் நஞ்சு; பிஸ்மத்தின் உப்புக்களை வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாகவே கொடுக்கிறார்கள்.

பிஸ்மத்தின் ஆக்ஸைடையும் டைட்டானியத்தின் ஆக்ஸைடையும் பொடித்துக் கலந்து, அச்சில் அழுத்தி, ஆயிரம் டிகிரிக்குச் சற்று மேற்பட்ட சூளையில் சுட்டால் பிஸ்மத் டைட்டனேட் என்னும் பீங்கான் கிடைக்கிறது. நாலு பிஸ்மத் அணுவுக்கு மூன்று டைட்டானியம், பன்னிரண்டு பிராணவாயு என்பது கணக்கு. ஸ்வீடன் தேசத்து ஆரிவில்லியஸ் 1949-ல் எக்ஸ்ரே கதிர்களைக் கொண்டு இதன் உள்ளமைப்பை ஆராய்ந்து வெளியிட்டார். மூன்று மாடி வீட்டின் மேல் ஒரு தளவரிசை, அதன் மேல் மறுபடி மூன்று மாடி என்று அடுக்கினாற்போலிருக்கிறது அது. மாடிகள் டைட்டானியத்தைச் சூழ்ந்தவை. தளவரிசை பிஸ்மத்தும் பிராணவாயுவும். இப்பொருளின் மின்குணத்தை 1961-ல் அமெரிக்காவிலிருந்து விளக்கிக் கட்டுரை வெளியிட்டவர்களில் ஒருவர் நம் நாட்டவர், ஈ. சி. சுப்பாராவ் என்பது வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும். பிற்பாடு அவர் தாய்நாடு திரும்பி, கான்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல் போதித்தார்.

இதன் பெருமை உஷ்ணத்தைத் தாங்குவதில்தான். காரீயப் பீங்கான் 350 டிகிரியை நெருங்குவதற்குள்ளாகவே தன் சக்தியை இழந்துவிடுகிறது. பிஸ்மத் டைட்டனேட்டோ சுமார் 675 டிகிரி வரை குணம் மாறுவதில்லை. ஆகவே ஜெட் விமானத்தின் எஞ்சினிலும், மின்சார உற்பத்திக்கான டர்பைன்களிலும், கொதிக்கும் குழாய்களின் மேலும் இதை ஒட்டிவைத்து, அதிர்ச்சியை அளந்து ஆபத்தை முன்கூட்டியே அறிகிறார்கள்.

அப்படியானால் லைட்டரிலும் ஸ்கானிலும் இதையே வைத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அதுதான் முடியவில்லை. ஒரே அழுத்தத்துக்குக் காரீயப் பீங்கான் தரும் மின்னேற்றத்தில் பத்தில் ஒரு பங்குகூட இது தருவதில்லை. இதன் மின்திசை பெரும்பாலும் தளத்தின் போக்கிலேயே படுத்திருக்கிறது. பீங்கானில் பொடிமணிகள் கண்டபடி கிடப்பதால் அவற்றை ஒருமுகப்படுத்துவது கஷ்டம். போதாக்குறைக்குச் சூளையில் பிஸ்மத் கொஞ்சம் ஆவியாகிப் போகிறது; அது போன காலியிடங்களால் மின்சாரம் கசிகிறது. நியோபியத்தைச் சிறிதளவு சேர்த்தால் கசிவு குறைகிறது. ஸோடியம் சேர்ந்த பிஸ்மத் டைட்டனேட்டை ரஷ்யாவில் ஸ்மோலென்ஸ்கி குழுவினர் 1960-ல் கண்டார்கள். இந்தத் தம்பி தமையனைவிட வலுவுள்ளவன். ஆனால் 200 டிகிரி ஏறுவதற்குள் சோர்ந்துவிடுகிறான். வலுவும் தாங்கும் சக்தியும் ஒருங்கே அமைந்த பொருளைத் தேடும் வேலை பல தேசங்களில் நடந்து வருகிறது.

மின்சாரம் நின்றாலும் மறக்காத கம்ப்யூட்டர் நினைவுச் சில்லுகளுக்கும் இவ்வினம் உதவும். கொரிய விஞ்ஞானிகள் 1999-ல் பிஸ்மத்தில் ஒரு பகுதிக்குப் பதில் லாந்தனம் சேர்த்து மெல்லிய ஏடாக்கினார்கள். ஆயிரம் கோடி தடவைக்கு மேல் எழுதியும் அது களைக்கவில்லை. பிஸ்மத் மிகுதியாகவும் டைட்டானியம் சொற்பமாகவும் உள்ள மற்றொரு படிகம், ஒளியால் சித்திரம் பதியும் ஹோலோகிராம் ஆராய்ச்சிக்கு உகந்தது.

மூலப் பொருளின் கதை நம்மை நேரே தொடுகிறது. பிஸ்மத் பெரும்பாலும் காரீயச் சுத்திகரிப்பின் உபபொருளாகவே கிடைக்கிறது. சுத்தி செய்த பிஸ்மத்தில் உலகின் பெரும் பங்கு சீனாவினுடையது. 2025 பிப்ரவரியில் அந்நாடு அதன் ஏற்றுமதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமென்று விதித்தது. டைட்டானியம் விஷயம் வேறு. மணவாளக்குறிச்சியிலும் கொல்லத்துக்கு வடக்கே சவறாவிலும் கடற்கரையில் கருமணலாகக் கிடக்கும் இல்மனைட் அதன் தாதுதான். ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-ல் அம்மணலின் மதிப்பைக் கண்டறிந்த பின், கப்பல் கப்பலாக அது வெளிநாடு சென்றது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் உலகம் உபயோகித்த இல்மனைட்டில் மிகுதியும் அந்தத் திருவாங்கூர்க் கரையினுடையதே. அதில் பெரும்பகுதி வெள்ளைப் பெயிண்டாயிற்று. மணலை அள்ளுவதால் கரை அரிக்கிறதென்றும், அதில் கலந்துள்ள கதிரியக்கப் பொருளால் நோய் வருமென்றும் அங்குள்ள மீனவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமல்ல. அள்ளுவதா வேண்டாமா என்பதில் அவர்கள் வார்த்தைக்கு இடம் வேண்டும். அள்ளியதை மணலாகவே விற்பதா, பீங்கானாக்கி விற்பதா என்பது அதற்கு அடுத்த கேள்வி.