யாரும் வாசித்துக் காட்டாத ஒப்பந்தம்



யாழ்ப்பாணத்தில் காணி வாங்கிய நாட்களை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். நொத்தாரிசு உறுதியை வாசித்துக் காட்டுவார். சாட்சிகள் இருவர் அருகிருப்பர். அதன் பின்னரே கையொப்பம். இங்கு பேர்ண் மாநிலத்திலும் வீடு வாங்கும் உறுதியும், வீட்டை ஈடு வைக்கும் பத்திரமும் நொத்தாரிசு முன்னிலையிலேயே நிறைவேறுகின்றன. வங்கியுடன் நாம் செய்துகொள்ளும் கடன் ஒப்பந்தமோ அவ்வாறன்று. அதனை எவரும் நமக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்ற நியதி இல்லை.

லாங்கன்தாலில் நானறிந்த ஒரு குடும்பத்தில் அதனை வாசித்தவள் ஒன்பதாம் வகுப்பிற் படித்த மகள். வட்டி வீதத்தையும் தவணையையும் பிழையின்றிச் சொன்னாள். சிறிய எழுத்துக்களை, "வழமையான விதிகள்தான் அப்பா" என்று கடந்துவிட்டாள். ஐந்தாம் ஆண்டிற் பெற்றோர் பிரிந்தனர்; வீட்டை விற்க நேர்ந்தது. அப்போதுதான் அவ்வெழுத்துக்களின் பொருள் விளங்கிற்று.

முதலாவது, 'ஃபெஸ்ட்ஹிப்போதேக்' எனும் மாறா வட்டிக் கடன். தவணைக்கு முன் முறித்தால், எஞ்சிய காலத்துக்கான வட்டி இழப்பை வங்கி கோரும். 5 இலட்சம் பிராங் கடனுக்கு வட்டி 2.5 வீதம், எஞ்சியிருப்பது 5 ஆண்டு எனக் கொள்வோம். வங்கி அப்பணத்தை அன்றைய சந்தையில் 0.5 வீதத்துக்கே இடமுடியுமாயின், வேறுபாடு 2 வீதம். ஆண்டுக்கு 10,000, ஐந்தாண்டுக்கு ஏறத்தாழ 50,000 பிராங்.

இரண்டாவது, 'சோலிடாரிஷ்' என்ற ஒரு சொல். கணவனும் மனைவியும் பாதி பாதியாகக் கடன்பட்டவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பாளர் என்பதே அதன் பொருள். மணமுறிவுத் தீர்ப்பு எப்படியிருப்பினும், வங்கி தானாக விடுவிக்கும்வரை அப்பொறுப்பு நீங்காது.

மூன்றாவது ஒப்பந்தத்தில் அன்றிச் சட்டத்தில் உள்ளது. 1995 முதல் பென்சன் காசிலிருந்து பணமெடுத்து வீடு வாங்கலாம். வீட்டை விற்கும்போது கடன் போக மிஞ்சுவதிலிருந்து அதனைத் திருப்பிச் செலுத்தவேண்டும். கைக்கு வருமென எண்ணிய தொகை அவ்வழியே செல்லக்கூடும்.

ஆகவே, கையொப்பமிடுமுன் வங்கியிடம் எழுத்து மூலம் கேளுங்கள்: இடையில் விற்றால் எவ்வளவு செலுத்தவேண்டும்? கடனைப் புதிய வீட்டுக்கு மாற்றவோ, வாங்குபவர் ஏற்கவோ இடமுண்டா? ஒருவர் விலகினால் மற்றவர் நிலை என்ன? விடையையும் எழுத்திலேயே பெறுங்கள். தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளருக்குச் சில நூறு பிராங் கொடுப்பது வீண் செலவன்று.

அந்த மகள் இன்று வேலைக்குச் செல்கிறாள். "நான்தான் வடிவாய் வாசிக்கவில்லை, சேர்" என்று அண்மையிலும் என்னிடம் சொன்னாள். பிழை அவளுடையதன்று. பெற்றோர் சுமக்கவேண்டிய பாரத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றிய நம்முடையது.