விளம்பரம் முந்தியது, சரக்கு பிந்தியது!

2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 18-ந் தேதி.

அமெரிக்காவில் சில ஆயிரம் பேருக்கு ஒரு தகவல் வந்தது. அனுப்பியது, அவர்களுக்கு ஒரு புதுமைக் கருவியை விற்ற கம்பெனி.

அந்தக் கருவி அதே மாதம் 28-ந் தேதி நண்பகலோடு வேலை செய்யாது என்பதுதான் தகவல். பத்தே நாள் தவணை!

கருவியில் பழுது ஒன்றும் இல்லை. அதை நடத்தி வந்த கம்பெனிதான் கடையைக் கட்டுகிறது. இனி அதில் பேச முடியாது. செய்தி அனுப்ப முடியாது. கேள்வி கேட்டால் பதில் வராது. பாட்டரியில் எவ்வளவு மின்சாரம் மிச்சம் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம்! நாம் கேலிக்காகச் சொல்லவில்லை. கம்பெனியே அப்படித்தான் அறிவித்தது.

அந்தக் கருவியின் விலை 699 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 58 ஆயிரம் ரூபாய். அது போக, மாதந்தோறும் 24 டாலர் சந்தா. 2024 நவம்பர் 15-ந் தேதிக்கு முன்பு கருவியைப் பெற்றவர்களுக்கு ஒரு காசு கூடத் திரும்பக் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

இப்படி ஒரு முடிவு ஏன் வந்தது? தங்கள் மூளையை முதலாக வைத்துப் புதுப்புதுக் கருவிகளைச் செய்து விற்க இளைஞர்கள் பலர் கிளம்பியிருக்கும் காலம் இது. உங்கள் வீட்டுப் பிள்ளையும் அவர்களில் ஒருவனாக இருக்கலாம். ஆகவே இந்தக் கதையைக் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

சட்டையில் குத்தும் கருவி

கம்பெனியின் பெயர் ஹியூமேன். ஊர் சான் பிரான்சிஸ்கோ. தொடங்கியவர்கள் இம்ரான் சவுத்ரி, பெத்தனி போன்ஜோர்னோ என்ற கணவனும் மனைவியும். இருவரும் ஆப்பிள் கம்பெனியில் பெரிய வேலை பார்த்தவர்கள். அந்தப் பெயரை நம்பிப் பணம் கொட்டியது. 23 கோடி டாலருக்கு மேல் முதல் சேர்ந்தது.

அவர்கள் செய்த கருவி ஒரு சிறு வில்லை. சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். திரை கிடையாது. வாயால் கேட்டால் செயற்கை நுண்ணறிவு பதில் சொல்லும். உள்ளங்கையை நீட்டினால் அதன் மீது லேசர் ஒளியில் எழுத்துக்கள் தெரியும். அழகான யோசனைதான். மறுப்பதற்கில்லை.

சரக்கு கடைக்கு வருவதற்கு ஓர் ஆண்டு முன்பே மேளம் கொட்டத் தொடங்கிவிட்டது. 2023 ஏப்ரலில் கனடாவில் டெட் மேடையில் சவுத்ரி அதைக் காட்டினார். செப்டம்பரில் பாரிஸ் நகரத்து உடை அலங்காரக் காட்சியில் அழகிகள் அதை அணிந்து நடந்தார்கள். "டைம்" பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் அதையும் சேர்த்தது. வெளியில் ஒருவர் கூட அதை விலை கொடுத்து வாங்கிப் பயன்படுத்தாத நேரம் அது!

நவம்பர் 9-ந் தேதி அறிமுகப் படம் வெளியாயிற்று. அதில் ஒரு கேள்வி. அடுத்த சூரிய கிரகணம் எப்போது? எங்கே நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும்? கருவி தேதியைச் சரியாகச் சொன்னது: 2024 ஏப்ரல் 8. இடத்தைக் கேட்டதற்கு ஆஸ்திரேலியாவையும் கிழக்குத் திமோரையும் சொன்னது. உண்மையில் அந்தக் கிரகணம் முழுமையாகத் தெரிந்தது மெக்சிகோ, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில்! பாதாம் பருப்பில் எவ்வளவு புரதம் உண்டு என்ற கேள்விக்கும் தப்புக் கணக்கு. கம்பெனியே எடுத்து, கம்பெனியே பார்த்து, கம்பெனியே வெளியிட்ட படம் இது. பொருளைச் செய்தவர்கள் அதன் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கைக்கு வந்தபோது

2024 ஏப்ரலில் கருவி விற்பனைக்கு வந்தது. பதில் சொல்லத் தாமதித்தது. சொன்ன பதிலிலும் பிழை. அடிக்கடி சூடேறியது. வெயிலில் நின்றால் உள்ளங்கை எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை.

யூடியூபில் கருவிகளைச் சோதித்துச் சொல்லும் மார்க்கஸ் பிரவுன்லீ என்ற இளைஞரைக் கோடிக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். தாம் சோதித்த பொருள்களிலேயே மிக மோசமானது இதுதான், இப்போதைக்கு, என்று தலைப்பிட்டு அவர் படம் வெளியிட்டார்.

உடனே ஒரு சர்ச்சை கிளம்பியது. வளரும் கம்பெனியை இப்படி ஒரே அடியில் சாய்க்கலாமா என்று சிலர் கோபப்பட்டார்கள். 58 ஆயிரம் ரூபாயை எண்ணி வைக்கப் போகிறவனுக்கு உண்மையைச் சொல்வது குற்றமா? குறை சொல்பவனால் நல்ல சரக்கு அழிவதில்லை. கூலிக்காரத் தம்பதி 500 ரூபாய்க்கு ஒரு புடவை எடுத்தாலும் நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். பிரவுன்லீ செய்தது அந்த நாலு பேர் செய்யும் வேலைதான்.

"தி வெர்ஜ்" என்ற செய்தித்தளம் கம்பெனியின் உள் கணக்கைப் பார்த்து 2024 ஆகஸ்டில் எழுதியது. அந்த ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு வாங்கியவர்களை விடத் திருப்பிக் கொடுத்தவர்களே அதிகம். விற்க நினைத்தது 1 லட்சம் கருவி. அப்போது வாங்கியவர்கள் கையில் இருந்தவை சுமார் 7 ஆயிரம். மின்சாரம் ஏற்றும் பெட்டியில் தீப்பிடிக்கும் அபாயம் என்று அதையும் திரும்பப் பெற்றார்கள். கடைசியில் ஹெச்.பி. கம்பெனி 11 கோடியே 60 லட்சம் டாலருக்குச் சொத்துக்களை எடுத்துக்கொண்டது. போட்ட முதலில் பாதிதான் தேறியது.

யாருக்காக? எதற்காக?

புதுக் கருவி தடுமாறுவது இயற்கை. முதலில் வந்த செல்போன் செங்கல் போலத்தான் இருந்தது. ஹியூமேன் செய்த தவறு, தடுமாறும் குழந்தையை ஓட்டப்பந்தய வீரன் என்று அறிவித்ததுதான். பந்தி போட்டு இலையும் விரித்தாகிவிட்டது. உலையில் அரிசி வேகவில்லை!

இன்னொன்று. செல்போனின் பிடியில் இருந்து மனிதனை விடுவிப்போம் என்பது அவர்கள் முழக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதை வாங்க வேண்டியவர் யார்? மொழி தெரியாத ஊருக்குப் போகிறவரா? இரண்டு கையும் வேலையில் இருக்கும் தொழிலாளியா? கண் தெரியாதவரா? எல்லோருக்கும் என்றார்கள். எல்லோருக்கும் என்றால், கடையில் நிற்கும் ஒருவனுக்கு அது தனக்கு எதற்கு என்று புரிவதில்லை.

இது புதுத் தவறும் அல்ல. 2001-ம் ஆண்டு டிசம்பரில் செக்வே என்ற இரு சக்கர வண்டியை டீன் கேமன் என்ற விஞ்ஞானி வெளியிட்டார். நகரங்களையே மாற்றி அமைக்கும் வண்டி என்று மாதக்கணக்கில் பேச்சு நடந்தது. விலை சுமார் 5 ஆயிரம் டாலர். வண்டி நன்றாகவே ஓடியது. ஆனால் அதை நடைபாதையில் ஓட்டுவதா, தெருவில் ஓட்டுவதா என்பதே தெரியவில்லை. போலீசாரும், சுற்றுலா நடத்துபவர்களும், காவல் பணி செய்பவர்களும் வாங்கினார்கள். சாதாரண மக்கள் திரும்பிப் பார்க்கவில்லை. 2020-ல் உற்பத்தி நின்றது.

பென் டிரைவை மறந்த பையன்

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு.

ட்ரூ ஹூஸ்டன் என்ற இளைஞர் பாஸ்டனில் இருந்து நியூயார்க்குக்குப் பஸ்சில் போனார். வழியில் வேலை செய்ய நினைத்தார். வேலை எல்லாம் இருந்த பென் டிரைவை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார்! அந்த எரிச்சலில் பிறந்ததுதான் டிராப்பாக்ஸ். ஒரு கம்ப்யூட்டரில் வைத்த கோப்பை எந்தக் கம்ப்யூட்டரிலும் எடுக்கலாம். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை.

2008-ம் ஆண்டு தொடக்கத்தில் சரக்கு முழுதாகத் தயாராகவில்லை. அவர் சில நிமிடப் படம் ஒன்று எடுத்தார். அழகிகள் இல்லை, மேடை இல்லை. கம்ப்யூட்டர் திரையும் அவர் குரலும் மட்டும். கோப்பை இங்கே போடுகிறேன், பாருங்கள், அங்கே வருகிறது! இப்படி அந்த ஒரு வேலையைச் செய்து காட்டினார். வேண்டியவர்கள் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கலாம் என்றார். ஒரே இரவில் காத்திருப்போர் பட்டியல் 5 ஆயிரத்தில் இருந்து 75 ஆயிரமாக உயர்ந்தது.

அவரும் சறுக்கியதுண்டு. கூகுளில் காசு கொடுத்து விளம்பரம் செய்தார். 99 டாலர் சரக்கை ஒருவரிடம் விற்க, விளம்பரச் செலவு 233 டாலரில் இருந்து 388 டாலர் வரை ஆயிற்று! கணக்கைப் பார்த்தார். அந்த வழியை விட்டார். ஒருவர் தம் நண்பரைச் சேர்த்துவிட்டால் இருவருக்குமே கூடுதல் இடம் இலவசம் என்று அறிவித்தார். 2008 செப்டம்பரில் 1 லட்சம் பேர். 2010 ஜனவரியில் 40 லட்சம் பேர்! பிடித்த பொருளை அண்டை வீட்டாரிடம் சொல்லாமல் இருக்க யாரால் முடியும்? அந்தப் பேச்சுக்கு அவர் ஒரு சிறு கூலி கொடுத்தார். அவ்வளவே.

குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

விற்கும்போது பேசத் தெரிந்த பலருக்கு, கடையை மூடும்போது பேசத் தெரிவதில்லை. முன்பெல்லாம் கம்பெனி மூடினாலும், வாங்கிய மின்விசிறி சுற்றும், ரேடியோ பாடும். இன்றைய கருவிகளின் உயிர் வேறிடத்தில், கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அங்கே பொத்தானை அணைத்தால் உங்கள் வீட்டில் கருவி சாகிறது. வாங்கும்போது யாராவது இதைச் சொல்கிறார்களா?

மாக்சி என்று ஒரு சின்ன ரோபோ. 5 முதல் 10 வயது வரை உள்ள பிள்ளைகளுக்காகவே எம்பாடிட் என்ற அமெரிக்கக் கம்பெனி செய்தது. விலை 799 டாலர். பிள்ளைகளோடு பேசும், கதை கேட்கும். கூச்சமுள்ள குழந்தைகள் அதனிடம் மனம் விட்டுப் பேசின.

2024 டிசம்பரில் கம்பெனிக்குப் பண வரத்து நின்றது. மாக்சி பேச்சை நிறுத்தப் போகிறது என்று அறிவிப்பு வந்தது. பணம் திரும்பக் கிடையாது. தோழன் ஏன் இனி பேச மாட்டான் என்று பிள்ளையிடம் சொல்வதற்குப் பெற்றோருக்கு ஒரு கடிதத்தையும் கம்பெனியே எழுதிக் கொடுத்தது. அதைப் படித்துக் காட்டும்போது பிள்ளைகள் அழுவதைச் சில பெற்றோர் படம் பிடித்து வெளியிட்டார்கள்.

ஆனால் எம்பாடிட் அதோடு விட்டுவிடவில்லை. கம்பெனியின் கம்ப்யூட்டர் இல்லாமலே, வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டு மாக்சியை இயக்கும் மென்பொருளை இலவசமாகக் கொடுத்தது. அதைப் பொருத்தக் கொஞ்சம் கம்ப்யூட்டர் விவரம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர்கள் பொருத்திக்கொண்டார்கள். அந்த வீடுகளில் மாக்சி மறுபடியும் பேசியது.