பூட்டு நகரில் பூட்டாத கடை

பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர் திண்டுக்கல். கள்வனைக் கலங்கடிக்கும் பூட்டுகளைச் செய்து நாடெங்கும் அனுப்பிய ஊர். அந்த ஊருக்கே பூட்டுப் போட்டது, 2020 மார்ச்சுத் திங்களில் கொரோனா! நூற்பாலைகள் நின்றன, அங்காடி அடங்கிற்று, பேருந்து ஓய்ந்தது, என் போன்றோர் முழங்கிய மேடைகளும் ஊமையாயின.

திறந்திருந்தது ஒரு கதவு. மருந்துக்கடைக் கதவு!

மருத்துவருக்கும் செவிலியருக்கும் கைதட்டினோம். விண்ணிலிருந்து மலர் தூவினோம். தகும், முற்றிலும் தகும்! ஆனால், அந்தக் கதவுக்குப் பின்னே காலை முதல் இரவு வரை நின்ற மருந்தாளுநரை எண்ணிப் பார்த்தோமா?

நாடகம் எழுதுகிறவன் நான். எனினும், இந்தக் காட்சிக்குக் கற்பனை தேவையில்லை. தெருவுக்குத் தெரு நடந்ததுதான். நெசவாளர் வீட்டு மூதாட்டி ஒருத்தி காலியான மாத்திரை அட்டையை நீட்டுகிறாள்.

"சர்க்கரை மாத்திரை தீர்ந்து நாலு நாளாச்சு, தம்பி! டாக்டர் வீடு பூட்டிக் கிடக்கு."

"பழைய சீட்டைக் காட்டுங்கம்மா. சாப்பாட்டோட ஒண்ணு, மறந்துடாதீங்க. காய்ச்சல் இருக்கா? மூச்சு வாங்குதா? இருந்தா இங்கே நிற்காதீங்க. உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க!"

இவ்வளவே உரையாடல்! இதில் மருந்து உண்டு, அறிவுரை உண்டு, ஆபத்தை அறிந்து அனுப்பிவைக்கும் விழிப்பும் உண்டு. அவருக்கும் நோய்க்கும் இடையே இருந்தவையோ, ஒரு முகக்கவசமும் ஒரு கயிறும்!

கொடுப்பது மட்டுமா அவர் கடமை? மறுப்பதும் கடமை! ஹைட்ராக்சிகுளோரோகுயின் நோயைத் தடுக்கும் என்று வதந்தி கிளம்பிற்று. மூட்டுவாத நோயாளிக்கு உரிய மாத்திரைக்கு மற்றவர் முண்டியடித்தனர். 2020 மார்ச் 26-இல் மைய அரசு அதன் விற்பனைக்குக் கடுங்கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. ஜூனில், டெக்சாமெதாசோன் என்ற மலிவான மருந்து உயிர்வளி தேவைப்படும் நோயாளியைக் காக்கிறது என்றது இங்கிலாந்து ஆய்வு. உயிர்வளி தேவைப்படாதவருக்குப் பயனில்லை என்றும் அதே ஆய்வு கூறிற்று. முற்பாதி ஊரெல்லாம் பரவியது. பிற்பாதியை எடுத்துச் சொல்லவேண்டியவர் யார்? கடையில் நின்றவர்!

எல்லோரும் உத்தமர்களா? இல்லை, மறைப்பானேன்? மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய்க்கு மேல் விற்கலாகாது என்று 2020 மார்ச்சில் அரசு விலை வகுத்ததே, ஏன்? கொள்ளையடித்தோர் இருந்ததால்! 2021 மே மாதம் ரெம்டெசிவிருக்காகக் கீழ்ப்பாக்கத்தில் மக்கள் இரவு பகலாகக் காத்துக் கிடந்தபோது, அதைக் கள்ளச் சந்தையில் விற்றவர்களும் உண்டு. சான்றிதழ் சுவரில் தொங்க, சான்றிதழுக்கு உரியவர் வேறெங்கோ இருக்கும் கடைகளும் உண்டு. மருத்துவர் சீட்டுக்குரிய மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநரே தரவேண்டும் என்கிறது 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம். சட்டம் ஏட்டில், சான்றிதழ் வாடகையில்!

தென்கொரியாவைப் பாருங்கள். 2020 மார்ச்சில், ஆளுக்கு வாரம் இரண்டு முகக்கவசம் என்று, பிறந்த ஆண்டின்படி நாள் குறித்து, பெரும்பாலும் மருந்துக்கடை வழியாக விற்கச் செய்தது அந்த அரசு. கடையைத் தன் கரமாக்கிக்கொண்டது! இங்கே? நோயாளியைப் பேணும் பணியாளருக்கு 50 லட்சம் ரூபாய்க் காப்பீடு அறிவித்தார்கள், வரவேற்றோம். தெருமுனைக் கடையின் மருந்தாளுநருக்கு அதில் இடம் இருக்கவில்லை. இருமுகிறவன் முதலில் வந்து நிற்பது அவர் எதிரில் அல்லவா?

மருந்தை நான்கு கூறாகப் பகுத்தார் வள்ளுவர்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து அதைத் தவறாது தருபவன். ஈராயிரம் ஆண்டுகளாகக் குறளில் இருக்கும் நான்காமவன், அரசின் கணக்கில் இல்லை!

2022 சனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. 2025 பிப்ரவரியில் தமிழகத்தில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மகிழ்ச்சி! கட்டடமும் கடையும் வந்துவிட்டன. உள்ளே நிற்கும் மனிதருக்கு உரிய இடம் எப்போது வரும்? வாடகைச் சான்றிதழை ஒழியுங்கள். வாழ்வதற்கேற்ற ஊதியம் தாருங்கள். நலவாழ்வுப் பணியாளர் பட்டியலில் அவர் பெயரையும் எழுதுங்கள். அதன்பின், தவறு செய்தால் தயங்காது தண்டியுங்கள்!

திண்டுக்கல்காரனுக்குத் தெரியும்: பூட்டு எவ்வளவு உறுதியானாலும், சாவி பொறுப்பானவர் கையில் இருக்கவேண்டும். அடுத்த கொள்ளைநோய் வந்து ஊரைப் பூட்டும் நாளில், திறந்திருக்கும் அந்த ஒரு கதவுக்குப் பின்னே சுவரில் தொங்கும் காகிதமா இருக்கவேண்டும்? கற்றறிந்த மனிதர் நிற்கவேண்டும்!